சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

கழுகுமலை
8.7.2024

இந்துஜாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். என் நம்பரையும் என் தம்பி சோலைராஜ் நம்பரையும் உன் போனில் பிளாக் செய்துவிட்டாய். சனிக்கிழமை லீவு போட்டு உங்கள் ஊர் எப்போதும்வென்றானுக்கு வந்து உன் அம்மா வீட்டு வாசலில் நின்றேன். உன் அம்மா கதவைப் பாதி திறந்து, "எம் மக தூங்குதா, எழுப்ப முடியாது" என்றார். உள்ளே யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. வெயிலில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்று திரும்பினேன். அதனால்தான் தபால்.

புருஷனுடைய அக்காள் எழுதுகிறாள் என்று நினைக்காதே. உன் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கிற நர்ஸ் எழுதுகிறாள் என்று நினைத்து வாசி. உனக்கு இது இருபத்தேழாவது வாரம். போன செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனையில் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது உன் சர்க்கரை 168. நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 8.6. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். அந்தச் சீட்டைக்கூட வாங்காமல் வெளியே போய்விட்டாய்.

நான் உன் பையை எல்லார் முன்னாலும் கவிழ்த்துவிட்டேன் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்கிறாராம். கவிழ்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அதிலிருந்து என்ன விழுந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும். நூடுல்ஸ் பாக்கெட் இரண்டு. மசாலா சிப்ஸ் மூன்று. கிரீம் பிஸ்கட், பிரித்தது ஒன்று பிரிக்காதது ஒன்று. பாதி குடித்த கலர் சோடா பாட்டில். வீட்டில் ஆக்கி அனுப்பின சோற்றைக் கொட்டிவிட்டு இதைத்தானே தின்றுகொண்டிருந்தாய்? நர்ஸ் வீட்டு மருமகளே இப்படியென்றால் நான் எந்த முகத்தோடு மற்ற பெண்களிடம் போய்க் கீரை தின்னு, பயறு தின்னு என்று சொல்வது?

அதைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டதும் நான்தான். திருந்துவாய் என்று போட்டேன். சோலைராஜ் உன்னை அப்படிப் பேசுவான் என்று நினைக்கவில்லை. பேசியது தப்புதான். ஆனால் அவன் பயந்ததில் தப்பில்லை.

இனிமேலாவது பாக்கெட்டில் வருகிற எதையும் தொடாதே. குதிரைவாலி, கம்பு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, முட்டை. சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. மெடிக்கலில் நான் வாங்கிக் கொடுத்த சத்து பவுடர் டப்பாவை நீ எடுத்துக்கொண்டு போனதாக அம்மா சொன்னாள். அதை மட்டும் விட்டுவிடாமல் பாலில் கரைத்து மூன்று வேளை குடி.

அங்குள்ள நர்ஸிடம் வாராவாரம் சர்க்கரை பார்த்து அளவை எனக்கு எழுது. உன் வீம்பை என்னிடம் காட்டு. பிள்ளையிடம் காட்டாதே.

பொன்மணி


எப்போதும்வென்றான்
15.7.2024

நர்ஸ் பொன்மணி அவர்களுக்கு,

மதினி என்று எழுதக் கை வரவில்லை. நர்ஸாக நினைக்கச் சொல்லி நீங்களே எழுதிவிட்டதால் வசதியாகப் போயிற்று.

நர்ஸ் என்றால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பதிவேட்டில் இருக்கிற வேறு எந்தப் பெண்ணுடைய பையையாவது திறந்திருக்கிறீர்களா? அன்றைக்கு இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். நான் எண்ணினேன், ஏனென்றால் முகத்தை நிமிர்த்த முடியாமல் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாருங்கட்டி, நர்ஸ் வீட்டு மருமக தின்னுத லட்சணத்த. வயித்துப் பிள்ளையக் கொல்லுதா" என்றீர்கள். ஒருத்தி சிரித்தாள். அவள் மடியில் இருந்த மூத்த பிள்ளை அதே சிப்ஸைத்தான் தின்றுகொண்டிருந்தது. அவளை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் தம்பி பயந்தார் என்கிறீர்கள். அவர் சொன்னதை எழுதுகிறேன், குரூப்பில் போட்டுக்கொள்ளுங்கள். "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ இந்த வாசல மிதிக்கப்பிடாது." எனக்கு ஏதாவது ஆனால் என்ன என்று அந்த வீட்டில் ஒரு ஆள் கேட்கவில்லை.

ஏன் தின்றாய் என்றும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன். கோவில்பட்டி ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை அடைக்கும் வரை நிற்க வேண்டும். சேலைப் பிரிவில் ஸ்டூல் கிடையாது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு மேல். உங்கள் அம்மா விடியற்காலையில் வடித்து அடைக்கிற சோறு அந்த நேரத்துக்கு நொந்துபோய் வாடை அடிக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த வாடைக்குக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றினால் நூடுல்ஸ் ஆகிவிடும். அது ஒன்றுதான் உள்ளே நின்றது. பாத்ரூம் போவதற்குச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டேன். கண் இருட்டிக்கொண்டு வரும்போது நாலு மடக்குக் கலர் குடித்தால் தெளிந்துவிடும். வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் இப்படித்தான் ஓட்டினேன். வேலையை விட்டுவிடு என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

கெடுதல் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கை போனது. லீவு நாளில் வீட்டில் இருக்கும்போதும் போனது. பாக்கெட் கிழிகிற சத்தத்துக்கே வாயில் எச்சில் ஊறியது. பயமாக இருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் விடுபடலாம் என்று நினைத்தேன். நம் வீட்டிலேயே நர்ஸ் இருக்கிறாரே என்று நினைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களிடம் சொல்லத்தான் பையோடு வந்தேன். நீங்கள் அதற்குள் கவிழ்த்துவிட்டீர்கள்.

இங்கு வந்த நாளிலிருந்து ஒரு பாக்கெட் தொடவில்லை. முதல் ஐந்து நாள் தலை வெடித்தது, அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். எங்கள் தெருக் கடையிலும் அதே சரம் சரமாகத் தொங்குகிறது. நான் வேறு பக்கமாகச் சுற்றிப் போகிறேன். அம்மா காட்டுக்குப் போகுமுன் குதிரைவாலிச் சோறும் பாசிப்பயற்றுக் குழம்பும் ஆக்கி வைத்துவிடுகிறார். சூடாகத் தின்றால் வாந்தி வரவில்லை. டப்பாவும் மூன்று வேளை குடிக்கிறேன். பிள்ளைக்காக.

அளவு கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, 156.

இந்துஜா


கழுகுமலை
22.7.2024

இந்துஜாவுக்கு,

சாப்பிட்டபின் நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும். உனக்கு 156. அங்குள்ள நர்ஸுக்கு நானே போன் செய்து கேட்டேன், இந்த வெள்ளிக்கிழமை 161 என்கிறாள். ஏறியிருக்கிறது.

குதிரைவாலியும் பாசிப்பயறும் மட்டும் தின்கிறவளுக்கு 161 எப்படி வரும் என்று நீயே சொல். பத்தொன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பெண்கள் வாயால் சொல்வதை நம்பி நான் சீட்டு எழுதியதில்லை. ரத்தம் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறேன். உன் ரத்தம் நீ பொய் சொல்கிறாய் என்கிறது. மறைத்துத் தின்பது உனக்குப் புதுப் பழக்கம் இல்லையே.

கடையில் நிற்பதைப் பெரிய கதையாக எழுதியிருக்கிறாய். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டேதான் என்னையும் சோலைராஜையும் சுமந்தாள். அவளுக்கு யார் ஸ்டூல் போட்டார்கள்?

சொல்ல வந்தாயாம், நான் கவிழ்த்துவிட்டேனாம். சொல்ல நினைத்தவள் ஐந்து மாதம் எங்கே போனாய்? அடுத்த தெருவில்தானே இருக்கிறேன்?

அம்மாவுக்குச் சர்க்கரை இப்படியே ஏறி நின்றால் பிள்ளை தேவைக்கு மேல் ஊதும். வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையின் உடம்பு அந்தச் சர்க்கரைக்குப் பழகிவிடும். பிறந்து கொடி அறுத்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அப்படி இறங்கி வலிப்பு வந்த பிள்ளையை நான் கையில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இல்லை, பயமுறுத்துவதற்காகத்தான் எழுதுகிறேன்.

இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு மாத்திரை ஆரம்பிக்கப் போவதாக அங்குள்ள டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்கும் அடங்காவிட்டால் இன்சுலின் ஊசி. உன் அம்மா வீட்டில் எந்த மூலையில் ஒளித்து வைத்திருக்கிறாயோ, அதை எடுத்து வெளியே எறி.

பொன்மணி


எப்போதும்வென்றான்
3.8.2024

நர்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "ஏட்டி, அவிய சொல்லுதது நெசமா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் நான் குளித்துவிட்டு வரும்போது என் துணிப்பை, தலையணை உறை, அரிசி டிரம் எல்லாவற்றையும் கிளறிவிட்டு நடுவீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தேகப்பட்டுவிட்டோமே என்றுதான் அழுதார். கழுகுமலையில் இருந்துகொண்டு இங்கேயும் என் பையைக் கவிழ்த்துவிட்டீர்கள்.

இங்குள்ள நர்ஸ் மாரிச்செல்வி என்னைவிடச் சின்னவள். 161 வந்த அன்றைக்கு அவள், "என்னத்தத் தின்னீங்க" என்று கேட்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "கண் முழிச்சதுல இருந்து படுக்குத வரைக்கும் வாயில போட்டது எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கக்கா. நான் ஏச மாட்டேன்" என்றாள். எழுதினேன். சோறு எத்தனை கரண்டி, முட்டை, கீரை, டப்பா பால் மூன்று தம்ளர், ஒவ்வொன்றிலும் நாலு ஸ்பூன் பவுடர். அவள் விரல் அந்த இடத்தில் நின்றது. "அந்த டப்பாவக் கொண்டுட்டு வாங்க" என்றாள்.

டப்பாவின் முன்பக்கம் ஒரு பெண் வயிற்றில் கை வைத்துச் சிரிக்கிறாள். பின்பக்கம் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. சேலையில் இழை விட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண், அதனால் என்னால் வாசிக்க முடிந்தது. எது அதிகமோ அதை முதலில் போட வேண்டுமாம். முதலில் போட்டிருப்பது சர்க்கரை. அப்புறம் பால் பவுடர். அப்புறம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று. அதுவும் உடம்புக்குள் போனதும் சர்க்கரை மாதிரிதான் வேலை செய்யும் என்றாள். சாக்லேட் வாசனை. நீங்கள் சொல்கிற இரும்புச் சத்து கடைசிக்கு முந்திய வரியில் இருக்கிறது. நூறு கிராம் பவுடரில் சர்க்கரை மட்டும் நாற்பத்திரண்டு கிராம். நாலு ஸ்பூன் வீதம் மூன்று வேளைக்குத் தொண்ணூறு கிராம் பவுடர் வருகிறது. அப்படியென்றால் தினமும் ஏழெட்டு ஸ்பூன் சீனியைப் பிள்ளைக்கு நல்லது என்று நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறேன். கழுகுமலையில் உங்கள் அம்மா, "சப்புன்னு இருக்கும்" என்று மேலே ஒரு ஸ்பூன் சீனி வேறு போடுவார்.

அன்றைக்கே நிறுத்தினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே சோறு, அதே குழம்பு, அதே அளவு. நேற்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, 118. மாத்திரை வேண்டாம், இப்படியே பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. இந்த ஒரு வரியைக் குரூப்பில் போடுங்கள். படம் வேண்டுமென்றால் டப்பாவின் பின்பக்கத்தை எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. இதே டப்பா உங்கள் மேசையில் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார்?

இந்துஜா


கழுகுமலை
9.8.2024

இந்துஜாவுக்கு,

118 நல்ல அளவு. அப்படியே வைத்துக்கொள்.

டப்பாவைப் பற்றி நீ எழுதியிருப்பதை ஒரு வார அளவை வைத்துக்கொண்டு ஏற்க முடியாது. அதில் இரும்பு இருக்கிறது, ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. படித்தவர்கள் வந்து விளக்கிச் சொன்ன பொருள். இருபத்தாறு வயதில் ஒரு லேபிளை வாசித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்காதே. அளவுக்கு மீறிக் குடித்திருப்பாய். உன்னை எவள் நாலு ஸ்பூன் போடச் சொன்னது?

குரூப்பில் எதைப் போடுவது என்று எனக்குத் தெரியும்.

பொன்மணி


கழுகுமலை
26.8.2024

இந்துஜாவுக்கு,

எவள் நாலு ஸ்பூன் போடச் சொன்னது என்று கேட்டிருந்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேன். நீ பதில் எழுதாததால் பத்து நாள் எனக்குள்ளேயே சண்டை போட்டுவிட்டு, அம்மா வீட்டு அலமாரியில் இருந்த இன்னொரு டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, என் கையெழுத்தில் "4 ஸ்பூன், 3 வேளை" என்று இருக்கிறது.

யார் கொண்டுவந்து வைத்தது என்றும் கேட்டிருந்தாய். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி ஆள் ஒருவர் கொண்டுவந்தார். மேசைக்கு ஒரு கடிகாரமும் எனக்கு ஒரு தோள்பையும் கொடுத்தார். அவற்றுக்காக நான் சொல்லவில்லை. நல்லது என்று நம்பித்தான் சொன்னேன். ஆனால் பின்பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எழுத்து எனக்குத் தெரியவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வாசித்தேன். நீ எழுதியது சரி. நாற்பத்திரண்டு.

எங்கள் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சர்க்கரை இருக்கிற பொண்ணுக்கு இதையா கொடுத்தீங்க, பொன்மணி?" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏற்கெனவே நல்ல எடை இருப்பவர்களுக்கும் இது தேவையில்லை, சாப்பிட முடிகிறவர்களுக்குச் சாப்பாடே போதும், மாத்திரை நாமே தருகிறோமே என்றார்.

பதிவேட்டைப் பிரித்து, நான் டப்பா சொன்ன பெண்களை எல்லாம் தேடி எழுதினேன். முப்பத்தொரு பேர். அதில் ஆறு பேருக்குச் சர்க்கரை. வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெற்குத் தெருவில் ஒருத்தி, "நீங்க சொன்னீங்கன்னுதான்க்கா மூத்தவனுக்கும் கலக்கிக் கொடுக்கேன். அதக் குடிச்சிட்டு அவன் சோறே கேக்க மாட்டேங்கான்" என்றாள். அவளிடம் வேண்டாம் என்றபோது, "அப்பம் எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள். வாசலில் நின்றுகொண்டு டப்பாவின் பின்பக்கத்தை அவளிடம் திருப்பிக் காட்டினேன்.

குரூப்பில் எழுதிவிட்டேன். "இந்துஜா பொய் சொல்லவில்லை. டப்பாவைக் கொடுத்தது நான்." அம்மா, "ஊரு சிரிக்கவா இதப் போட்ட?" என்று கேட்டுவிட்டு என்னோடு பேசுவதில்லை. சோலைராஜ் வாசித்திருக்கிறான்.

இதனால் உன் பையில் இருந்தது நல்ல சாப்பாடு ஆகிவிடாது. 168-க்கு நூடுல்ஸும் கலரும் சேர்ந்துதான் காரணம். இதை எழுதாமல் விட்டால் நான் உனக்குப் பயந்துவிட்டேன் என்று ஆகும். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி அடித்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். தாளில் கேட்கிற விஷயமாக அது தோன்றவில்லை.

பொன்மணி


எப்போதும்வென்றான்
4.9.2024

மதினிக்கு,

நர்ஸ் என்று எழுதினால் நர்ஸாகவே பதில் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் இப்படி எழுதுகிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை நூற்றுப் பதினைந்துக்கு மேல் போகவில்லை. ஹீமோகுளோபின் 9.8 ஆகியிருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை பிரஷர் பார்த்தபோது 144-க்கு 92. நாலு மணி நேரம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தார்கள், அதேதான். கால் செருப்புக்குள் போகவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, முப்பத்தேழு வாரத்தில் வந்து சேர்ந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு பதில் வேண்டும். இது நான் தின்றதால் வந்ததா? அந்த ஐந்து மாதத்தில் உள்ளே போன உப்பும் எண்ணெயும் இன்னும் என் உடம்பில்தான் இருக்கிறதா? நீங்கள் அன்றைக்கு, "வயித்துப் பிள்ளையக் கொல்லுதா" என்று சொன்னீர்கள். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அந்தக் குரல்தான் கேட்கிறது. என் குரல்கூட இல்லை, உங்கள் குரல். எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தட்டி எழுப்புகிறேன்.

ஆறுதல் சொல்ல வேண்டாம். அது உங்களுக்கு வரவும் வராது. தெரிந்ததை எழுதுங்கள். நேரில் வர வேண்டாம்.

இந்துஜா


கழுகுமலை
6.9.2024

இந்துஜாவுக்கு,

தெரியாது. இதுதான் பதில்.

டாக்டரம்மாவிடம் உன் கடிதத்தில் கேட்டதை அப்படியே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த மாதிரித் தீனி அதிகமாகத் தின்கிறவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். நல்ல சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இல்லாமல் போய் ரத்தமும் குறையும். ஆனால் முதல் பிரசவத்தில் தானாகவே பிரஷர் வருவதும் உண்டு. கீரையும் பயறும் தின்றவர்களுக்கும் வரும். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. எது எவ்வளவு என்று உன் ஒருத்தி உடம்பில் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. நிறுத்தியதும் உன் அளவுகள் இறங்கியது மட்டும் உறுதி. அதைச் செய்தது நீ.

அன்றைக்கு எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். தெரியாமல்தான் சொன்னேன். அது என் குரல் என்றால் அதை நான்தான் நிறுத்த வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. இதை எழுதுகிறேன், அந்த நேரத்தில் எடுத்து வாசி: நீ கொல்லவில்லை.

இனி நர்ஸாக. தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, நெஞ்சுக்குக் கீழே வயிற்றின் மேல்பக்கம் வலித்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ யாரையும் கேட்காதே. 108-க்குப் போன் செய். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதே. மாரிச்செல்வி நம்பரை மேலேயே வை.

நீ சொல்லாமல் நான் வர மாட்டேன்.

பொன்மணி


எப்போதும்வென்றான்
24.10.2024

மதினிக்கு,

பிள்ளை பிறந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. இன்றைக்கு எடை மூன்று கிலோ நானூறு. எழுத உட்காருகிற நேரமெல்லாம் எழுந்துவிடுகிறாள், அதனால் இது நாலு நாளாக எழுதுகிற கடிதம்.

உங்களுக்கு யார் போன் செய்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மாதான் செய்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் முந்தின நாளே வலி வர மருந்து வைத்திருந்தார்கள். காலையில் பிரஷர் 160 போனதும் ஆட்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, வராண்டாவில் நின்று உங்களுக்குப் போன் செய்து, "பழசெல்லாம் பொறவு பேசிக்கிடலாம், வாங்க" என்றாராம். என்னிடம் கேட்காமல் செய்ததற்கு அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பிறந்தாள். இரண்டு கிலோ நானூற்றைம்பது. அழுதாள், காட்டினார்கள், கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வந்து, பிள்ளைக்குச் சர்க்கரை முப்பத்தாறுதான் இருக்கிறது, குறைந்தது நாற்பத்தைந்து வேண்டும், கண்ணாடி அறையில் வைத்திருக்கிறோம் என்றார்கள். நீங்கள் ஜூலை மாதம் எழுதியது அப்படியே நடந்தது. அந்த நிமிடம் உங்களை எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நடந்ததற்காக இல்லை. முன்னாலேயே சொல்லி வைத்ததற்காக.

தாய்ப்பால் கொஞ்சமாவது பிழிந்து கொடுங்கள் என்றார்கள். நான் பிழிந்தேன், வரவில்லை. உங்கள் தம்பி எதிர்க்கடைக்கு ஓடிப்போய்ப் பால்பவுடர் டப்பா வாங்கிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார். அவர் என் முகத்தைப் பார்த்தது ஜூலை மாதத்துக்குப் பிறகு அப்போதுதான். நீங்கள் அவருக்குப் பின்னால் வந்தீர்கள். டப்பாவை வாங்கி ஜன்னலில் வைத்தீர்கள். எறியவில்லை. "டாக்டர் வேணும்னு சொன்னா அதையும் கொடுக்கலாம்லே. முதல்ல தாய்ப்பாலப் பாப்போம்" என்று அவரிடம் சொன்னீர்கள். பிறகு என்னிடம் திரும்பி, "தொடலாமா?" என்று கேட்டீர்கள்.

நான் சேலையை விலக்கினேன்.

உங்கள் கை சில்லென்று இருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினீர்கள். எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்த விரல்கள். எனக்கு வலித்தது, உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன், நகம் பதிந்திருக்கும். நீங்கள் விரலை எடுக்கவில்லை. முதல் சொட்டு வந்தபோது நான்தான், "வருது மதினி" என்று கத்தினேன். பாலாடைக் கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்குத்தான் கிடைத்தது, மஞ்சளாக, தேன் பதத்தில். நீங்கள் அதை ஒரு கையால் மூடிக்கொண்டு நடைபாதையில் போனீர்கள். ஆட்களுக்கு நடுவே யாரும் இடித்துவிடாமல் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி நீங்கள் நடந்ததைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி ஐந்து தடவை. சாயங்காலம் ஐம்பத்தெட்டு என்று நீங்கள் வந்து சொல்லிவிட்டு, பஸ் இருக்கிறது என்று போய்விட்டீர்கள்.

இப்போது பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் பிரஷர் இறங்கிவிட்டது. ஆறு வாரம் கழித்துச் சர்க்கரை திரும்பப் பார்க்க வேண்டும் என்று மாரிச்செல்வி எழுதி வைத்திருக்கிறாள். உங்கள் தம்பி ஞாயிறுதோறும் வருகிறார். போன வாரம், அன்றைக்குச் சொன்னதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றார். நான் கேட்டுக்கொண்டேன். திரும்பி வருவதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்கு இனிப் போவதில்லை, அது மட்டும் முடிவு.

ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரம் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்ததாக நினைவே இல்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் கண் விழித்தபோது அது இருந்தது. இதை எழுதுகிறபோதும் இருக்கிறது. போகும்போது சொல்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையைப் பார்க்க வாருங்கள். அம்மா காட்டுக்குப் போய்விடுவார், கதவை நானே திறப்பேன்.

இந்துஜா